இன்று அதிகாலை

கண்ணாடிக் கடைக்கு வெப்சைட் இல்லாதது ஒரு குறை என்று, கட்டடக்காரர் ஒருவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லும் வரை, அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. கீழே கடை, மேலே வீடு. வாசலில் பலகை இருந்தது; பலகையில் தொலைபேசி எண் இருந்தது; கூப்பிட்டால் எடுத்துப் பேச ஆள் இருந்தது. அதற்கு மேல் ஒரு கடைக்கு என்ன வேண்டியிருக்கிறது என்பது கடையை நடத்தும் மூத்தவருடைய எண்ணம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வாலிபத்திலிருந்து கண்ணாடியை வெட்டி, விளிம்பு தேய்த்து, ஜன்னலில் பொருத்தி வந்தவர். நல்ல கண்ணாடி என்றால் அது இருப்பதே தெரியக் கூடாது. கடையும் அப்படி இருந்தால் போதும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

கட்டடக்காரர் நயமாகத்தான் பேசினார். மாடிக் கட்டடம் ஒன்றின் ஜன்னல் வேலை முழுவதையும் ஒரே கடைக்குக் கொடுக்கும் உத்தேசத்தோடு வந்திருந்தார்.

"உங்க வேலை எனக்குத் தெரியும் சார். என் பார்ட்னருக்குத் தெரியணுமில்ல? அவரு எதையும் போன்ல தட்டிப் பாத்துத்தான் நம்புவாரு. உங்க கடைப் பேரைத் தட்டினா என்னமோ டைரி மாதிரி ஒண்ணு வருது. 'இன்று மழை, சிலிக்கான் காயவில்லை'ன்னு இருக்கு. ஆபீசுல எல்லாரும் உக்காந்து படிச்சோம். நல்லாத்தான் இருக்கு. ஆனா கடை மாதிரி இல்ல."

"அக்கா எழுதுறது அது" என்றான் மில்லி. அளவு சொல்லும்போது மில்லிமீட்டரை 'மில்லி, மில்லி' என்று நாலு தரம் சொல்லும் பொருத்துக்காரனுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டிருந்தது. "கால்ல கண்ணாடி குத்தி நான் நொண்டினதுகூட அதுல வந்திருக்கு. என் வீட்டுக்காரி படிச்சுட்டு, 'செருப்புப் போடாம ஏறினியா'ன்னு அன்னைக்கு என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டா."

அக்கா என்று மில்லி சொன்னது மூத்தவரின் மனைவியை. மாமியார் இருந்த நாளில் தெரு முழுவதும் அவளை 'மருமக' என்றே அழைத்தது. மாமியார் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்த மருமகள், தான் எழுதியதை அன்னியர் கூடி உட்கார்ந்து படித்தார்கள் என்று கேட்டதும், சுற்றிய காகிதத்தை மறுபடியும் பிரித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"மாத்திடலாங்க" என்றாள் மெதுவாக. "அதையே வெப்சைட் மாதிரி ஆக்க முடியும்னு பொண்ணு சொல்லியிருக்கா."

அந்த ப்ளாக் விளையாட்டாகத் தொடங்கியது. இலவசமாக இடம் கொடுக்கிறார்கள், எழுதுவது மட்டும் நம் பொறுப்பு என்று மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து ஒன்று திறந்தாள். சில நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது, தாய் பிடித்துக்கொண்டாள். காலையில் வந்த வேலை, மாலையில் உடைந்த கண்ணாடித் தாள், மழைக்கு ஒட்டாமல் போன சிலிக்கான் பசை, எல்லாம் அதில் ஏறின. தொலைபேசியருகே உட்கார்ந்திருக்கும் மாமியாரின் பேச்சும் ஏறியது. ஜன்னல் உடைந்துவிட்டது என்று யார் கூப்பிட்டாலும், "யாரு உடைச்சா?" என்று விசாரிக்காமல் அவர் அளவு கேட்க மாட்டார். "நான் சொன்னத எழுதினியா?" என்று மாலையில் மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதைவிட நல்லாச் சொன்னேனே, நீதான் கெடுத்துட்டே" என்பார். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் தேதி தானாக விழுந்துவிடும். ஆகவே மருமகள் தன் எழுத்தில் தேதி போடும் வழக்கமே இல்லை. இன்று, நேற்று, நாளை: இந்த மூன்று சொற்களுக்குள் அவளுடைய காலம் அடங்கிவிட்டது. மாமியார் இறந்த அன்றும் அப்படித்தான் எழுதினாள்.

'எங்கள் வீட்டுப் பெரியவர் இன்று அதிகாலை காலமானார். இறுதிப் பயணம் நாளை காலை வீட்டிலிருந்து. கடை சில நாட்கள் இயங்காது.'

கீழே, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மாமியார் சிரிக்கும் படம்.

உண்மையைச் சொன்னால், அந்த அறிவிப்பு வாடிக்கையாளர்களுக்காக எழுதப்பட்டதன்று. ஒரே ஒருவனுக்காக எழுதப்பட்டது.

மூத்தவருக்கு ஒரு தம்பி உண்டு. அண்ணன் வெட்டுவார், தம்பி அளவெடுத்துப் பொருத்துவான். அப்படித்தான் கடை வளர்ந்தது. ஒரு கடைமுகப்புக்கு சூட்டில் இறுக்கிய டஃபன் கண்ணாடி போட வேண்டியிருந்தது. சாதாரணக் கண்ணாடி என்றால் தப்பாக வந்தாலும் வெட்டிச் சரிசெய்யலாம், டஃபன் அப்படியன்று. சூளைக்குப் போய் வந்த பிறகு அதன் மேல் கட்டர் பட்டால் மொத்தமும் பொரியாக உதிர்ந்துவிடும். தம்பி கொடுத்த அளவு ஒரு விரற்கடை அதிகமாகிவிட்டது. நிலைக்குள் நுழையாமல் கண்ணாடி தெருவில் நின்றது. வாடிக்கையாளர் நின்றார், மில்லி நின்றான், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நின்றார்கள். அத்தனை பேருக்கு நடுவில் மூத்தவர், "டேப்பைப் படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா கையில டேப்பு?" என்றார். தம்பி டேப்பைச் சுருட்டி அண்ணன் கையில் வைத்துவிட்டுப் போனவன்தான். வேறு ஊரில் வேறு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அம்மா அழுதார், சாப்பிடாமல் கிடந்தார், மூத்தவரோடு பேசாமல் இருந்தார். மூத்தவர் அசையவில்லை. அவன் வரட்டும் என்றார்.

இளையவன் ஒரே ஒரு தடவை அண்ணிக்குக் கூப்பிட்டான், அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டு. கணவர் எந்நேரமும் பக்கத்தில் இருப்பார் என்பதால், இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த எண்ணை மட்டும் தன் போனில் 'ரப்பர் பீடிங்' என்று, கண்ணாடி விளிம்புக்குக் கொடுக்கும் ரப்பர் பட்டையின் பெயரில் சேமித்து வைத்தாள். அந்தப் பெயரில் ஓர் எண் இருந்தால் கண்ணாடிக் கடை வீட்டில் யார் சந்தேகப்படுவார்கள்?

மாமியார் இறந்த காலையில், அவள் விரல் அந்தப் பெயர் வரை போனது. மூத்தவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, தம்பிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அதுல போட்டுடு. ஊரு உலகமே பாக்குதுன்னு சொல்லுவியே. அவனும் பாத்துக்கட்டும். வர்றவன் வரட்டும்."

மறுநாள் எல்லாம் தயாரான பிறகும், அந்தச் சீட்டு வரவில்லை, இந்த ஆள் வரவில்லை என்று ஏதேதோ காரணம் சொல்லிப் புறப்பாட்டைத் தள்ளிப்போட்டவரும் அவர்தான். கண் தெருமுனையிலேயே இருந்தது. இளையவன் வரவில்லை.

கூப்பிட்டிருக்கலாம். அன்று முடியாவிட்டால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு எந்த வாயால் சொல்வது? தள்ளித் தள்ளிப் போனதில் அது சொல்லவே முடியாத சமாச்சாரமாகிவிட்டது. ப்ளாகின் உட்பக்கத்தில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் ஓர் இடம் உண்டு. அந்த அறிவிப்பை வழக்கத்தைவிட அதிகம் பேர் பார்த்திருந்தார்கள். அத்தனை பேரில் ஒருவன் அவனாகத்தான் இருக்கும் என்று மருமகள் எடுத்துக்கொண்டாள். பார்த்துவிட்டான், வரவில்லை. மூத்தவரும் அப்படியே சொன்னார். அவ்வாறு நம்புவதில் இருவருக்கும் ஒரு வசதி இருந்தது: தவறு இங்கிருந்து கிளம்பி அவன் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் மூன்று வருஷமாகக் கடை வாசலில் பை மாட்டிய ஆள் யார் வந்து நின்றாலும் அவள் ஒரு கணம் நிமிர்ந்துதான் பார்த்தாள். அவன் பார்த்தானா, பார்க்கவில்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. தெரிந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

கட்டடக்காரர் வந்து போன வார இறுதியில் மகள் கல்லூரி விடுதியிலிருந்து வந்தாள். மேல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துத் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். வெளியே விடாத மழை. கீழே, விளிம்பு தேய்க்கும் கல் உறுமிக்கொண்டிருந்தது.

"முதல்ல இந்த மேல் பட்டையத் தூக்கணும்மா. இதைப் பாத்தாலே ஓசி எடம்னு தெரிஞ்சுடும்."

"ஓசிதானேடி?"

"ஓசிதான். அதை ஏன் நெத்தியில ஒட்டிக்கணும்?"

பட்டை போயிற்று. அடியில் இருந்த, இடம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் போயிற்று. ஓரத்தில் வரிசையாகத் தொங்கிய பழைய மாதங்கள் போயின. திறந்தவுடன் கடைசியாக எழுதியது வராமல், கடைமுகப்பின் பெரிய படத்தோடு அசையாத ஒரு முகப்புப் பக்கம் வந்து நின்றது. மேலே வரிசையாகத் தலைப்புகள்: எங்களைப் பற்றி, வேலைகள், படங்கள், அறிவிப்புகள், தொடர்புக்கு. எந்தப் பதிவுக்கு எந்தக் குறிச்சொல் கொடுத்திருந்தாளோ, அது அந்தத் தலைப்பின் கீழ் போய்ச் சேர்ந்துகொண்டது. வாசகர்கள் எழுதிய பதில்களை மகள் மறைத்தபோது மட்டும் மருமகள் குறுக்கே கை நீட்டினாள்.

"அது இருக்கட்டுமே. ஒவ்வொருத்தரும் எவ்வளவு ஆசையா எழுதியிருக்காங்க."

"அம்மா, இதைப் பாரு. 'அக்கா, உங்க மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா?' ஜன்னல் வாங்க வர்றவன் இதைப் பாத்துட்டு என்ன நெனப்பான்?"

"பாவம், அக்கறையாக் கேக்குறாங்கன்னு நெனப்பான்."

"இல்ல. வைத்தியர் வீட்டுக்கு வந்துட்டோம்னு நெனப்பான்."

மருமகள் சிரித்துவிட்டாள். பதில்கள் போயின. அடுத்தது தேதி.

"தேதி என்னடி பண்ணுச்சு?"

"தேதி இருந்தாத்தான் ப்ளாக். எந்தக் கடைப் பலகையிலயாவது தேதி பாத்திருக்கியா? நீ கடைசியா எழுதி மாசக்கணக்காச்சு. அதைப் பாக்குறவன், கடை நடக்குதா இழுத்து மூடிட்டாங்களான்னு யோசிப்பான். தேதி இல்லேன்னா எல்லாம் எப்பவும் புதுசு."

அவள் சொன்னது சரியாகவே பட்டது. ஒரு சொடுக்கில் எல்லாப் பதிவுகளின் தலையிலிருந்தும் தேதிகள் உதிர்ந்தன. கடைசியாக 'அறிவிப்புகள்' பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். அதில் இரண்டே இரண்டு இருந்தன: மழையால் பொருத்தும் வேலை தாமதமாகும் என்று ஒன்று, மற்றது மாமியாருடையது.

மகள் தயங்கினாள். "பாட்டியோடதை எடுத்துடவாம்மா?"

"வேணாம். அவங்க படம் இருக்கு. இருக்கட்டும்."

படத்தைத்தான் பார்த்தாள். மேலே இருந்த மூன்று வரியை அவள் படிக்கவில்லை. தான் எழுதியதை யார்தான் படிக்கிறார்கள்?

சொந்தமாக ஒரு பெயரும் வாங்கிச் சேர்த்தாயிற்று. பழைய விலாசத்தைத் தட்டினாலும் புதியதில் கொண்டுபோய் விடும். மூத்தவர் சாப்பிட்டுக்கொண்டே போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"'இரண்டு தலைமுறைக் குடும்ப நிறுவனம்.' யாரும்மா குடும்பம்? நானும் மில்லியுமா?"

மருமகள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை.

கட்டடக்காரருக்குப் பரம திருப்தி. இப்போதுதான் சார் கடை மாதிரி இருக்கிறது என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். புதிது புதிதாக ஆட்கள் கூப்பிட்டார்கள். எங்கோ தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் விசாரிப்பு வந்தது. அந்த உற்சாகத்துக்கு நடுவில் ஒருநாள், தாள் கண்ணாடி அனுப்பும் மொத்த வியாபாரி கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது.

"என்னம்மா இது, இப்பத்தான் பாத்தேன். அம்மா தவறிட்டாங்களாமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஐயா, அது மூணு வருஷம் ஆச்சுங்களே."

"அப்படியா? அடடா. எனக்குத் தெரியாமப் போச்சே."

"நீங்க வந்திருந்தீங்களேய்யா. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தீங்க."

"ஆமாம்மா, வந்திருந்தேன்" என்றார் வியாபாரி, தன் மேலேயே வருத்தப்பட்டவராக.

மில்லி விழுந்து விழுந்து சிரித்தான். மூத்தவரும் சிரித்தார். "எங்கம்மா ரெண்டாவது தடவையும் செத்துட்டாங்களா?" என்றார். அந்த வாரத்திலேயே இன்னொருவரும் அப்படிக் கூப்பிட்டார். மருமகளுக்கு உள்ளே உறுத்தியது. மகளுக்குக் கூப்பிட்டாள்.

"பரீட்சை முடியட்டும்மா. வந்து சரிபண்றேன். ஒரு நிமிஷ வேலை."

தானே திறந்து மூன்று வரிக்கு மேல் ஒரு தேதியைத் தட்டியிருக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் மகள் அழகாக அடுக்கி வைத்ததில் கைவைத்தால் எல்லாம் குலைந்துபோகுமோ என்று பயந்தாள். கட்டடக்காரரின் பார்ட்னர் பார்க்கும் நேரத்தில் குலைந்துவிட்டால்? இருக்கட்டும், வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

இளையவன் வந்த காலையில் மழை சற்று விட்டிருந்தது. மூத்தவர் மேசை மேல் ஒரு தாளைப் போட்டு, கட்டரை மண்ணெண்ணெயில் நனைத்து, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தார். துணி கிழிவதுபோல் ஒரு சீரான சத்தம். பிறகு அடியிலிருந்து மெல்லத் தட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு நொடிப்பு. தாள் கோடு பிடித்தாற்போல் இரண்டானது. தையற்கடைக்கு ஆளுயரக் கண்ணாடி வாங்க வந்த தையற்கார அம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல பாத்தா என் ஆளுங்க ஒல்லியாத் தெரிவாங்களா?"

"ஆளு ஒல்லியா இருந்தாத் தெரிவாங்க" என்றார் மூத்தவர்.

"அப்ப இந்தக் கண்ணாடி எனக்கு எதுக்கு? உண்மையச் சொல்றதுக்கு எங்க வீட்டுக்காரரே இருக்காரு."

மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடி நிமிர்ந்தவர், வாசலில் தோளில் பையோடு நின்றவனைப் பார்த்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை, இரவெல்லாம் அழுது வீங்கிய கண்கள். மூத்தவரின் முகம், எத்தனையோ நாளாக மூடிக் கிடந்த ஒன்று திறந்ததைப்போல மலர்ந்தது.

"வாடா" என்றார்.

"சிரிக்கிறியா?" என்றான் இளையவன். "நீ சிரிக்கிறியாண்ணே?"

"என்னடா?"

"எடுத்துட்டீங்களா?"

"எதை?"

"எதையா? அம்மாவைடா!" அண்ணனை அவன் வாழ்நாளில் 'டா' போட்டதில்லை. மில்லி கையிலிருந்த பீடிங் சுருளைக் கீழே போட்டுவிட்டான். "நாளைக்குக் காலைலன்னுதானே போட்டிருந்தே? பஸ்ஸுல எடம் இல்லாம ராத்திரி முழுக்க நின்னுக்கிட்டே வந்தேன். நேரத்துக்கு வந்துட்டேன்ல? அதுக்குள்ள எடுத்துட்டு, கடையைத் திறந்து, சிரிச்சுச் சிரிச்சு வியாபாரம் பண்றியா? உனக்கு என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலேன்னா, நான் பாத்துட்டுப் போற வரைக்கும் நீ உள்ள உக்காந்திருக்க வேண்டியதுதானே? அவ்வளவு அவசரமா உனக்கு?"

மூத்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குரல் கேட்டு மருமகள் படியிறங்கி வந்தாள். அவளைக் கண்டதும் அவன் குரல் உடைந்தது.

"அண்ணி, நீங்களாவது எனக்காக ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லக் கூடாதா?"

போனை அவள் முன் நீட்டினான். கண்ணாடிபோல் துடைத்துவிட்ட அந்தப் பக்கம். மாமியாரின் சிரிப்பு. மேலே அவளுடைய மூன்று வரி. அதற்கு மேலே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை.

"எங்க மொதலாளி மிரர் வாங்க எடம் தேடிக்கிட்டிருந்தாரு. 'இந்தக் கடை நல்லாருக்கும் போல, பெருசா வெப்சைட் வச்சிருக்காங்க, உங்க ஊருதானே'ன்னு நேத்துச் சாயங்காலம் காட்டினாரு. நம்ம கடை. ஆசையாத்தான் அண்ணி தட்டிப் பாத்தேன். அம்மா எங்கயாவது இருப்பாங்கன்னு தேடினேன்."

மருமகள் கைநீட்டி அந்த வெள்ளையைத் தொட்டாள். "தம்பி, அது... அது பழசு தம்பி."

"எது பழசு?"

"நான் எழுதினது. அது எழுதி மூணு வருஷம் ஆச்சு."

அவன் போனைத் தன் பக்கம் திருப்பினான். ஒரு முறை படித்தான். விரலை வைத்து மறுபடியும் படித்தான்.

"'இன்று'ன்னு இருக்கே அண்ணி" என்றான்.

தையற்கார அம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சுவரோரமாக வெளியே போனார். மில்லியும் வெளியே போய், ஷட்டரைப் பாதி வரை இழுத்துவிட்டான். உள்ளே அரை வெளிச்சம். சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிகளில் மூன்று பேரின் கால்களும் தெரிந்தன.

மூத்தவர்தான் பேசினார். "நீ அப்பவே பாத்திருப்பேன்னு நெனச்சேன். பாத்துட்டும் வரலேன்னு..."

"நான் எங்கண்ணே இதெல்லாம் பாத்தேன்? எனக்கு டேப்பையே படிக்கத் தெரியாதுன்னு நீதானே சொன்னே."

மூத்தவர் தலை குனிந்தது. "நம்பர் இல்லையேடா உன்னோடது."

"அண்ணிகிட்ட இருந்துச்சே."

மூத்தவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"தப்புதான் தம்பி" என்றாள். "கூப்பிட்டிருக்கணும். அன்னைக்கே கூப்பிட்டிருக்கணும். நீங்களும் அப்புறம் ஒரு தடவைகூடக் கூப்பிடலையா, அதனால..."

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க? 'நீங்க கூப்பிடாதீங்க, ஏதாவதுன்னா நான் கூப்பிடுறேன். நான் கூப்பிடலேன்னா எல்லாரும் நல்லா இருக்கோம்னு வச்சுக்கோங்க'ன்னு." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, கணக்கு ஒப்பிப்பவனைப்போல் சொன்னான். "நான் அப்படியே வச்சுக்கிட்டேன். நேத்துச் சாயங்காலம் வரைக்கும் அம்மா நல்லாத்தான் இருந்தாங்க."

அவளுக்கு நினைவு வந்தது. அடுப்பில் பால் பொங்க, ஒரு கையால் அதை இறக்கிக்கொண்டே, போனை வைக்கும் அவசரத்தில் சொன்ன வார்த்தை அது. சொன்னதை அவள் அப்போதே மறந்துவிட்டாள். அவன் அதை நம்பியே இத்தனை நாளும் நிம்மதியாக உண்டு உறங்கியிருக்கிறான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இளையவனும் உட்கார்ந்தான். "என்ன பண்ணுச்சு அவங்களுக்கு?" என்று கேட்டான்.

"நெஞ்சுவலிடா. விடிகாலைல."

"ரொம்ப வலிச்சுதா?"

"இல்லடா. கொஞ்ச நேரந்தான்."

"கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

"கஞ்சி குடிச்சாங்க" என்றார் மூத்தவர்.

"பாலுங்க" என்றாள் மருமகள். "பாலும் ரெண்டு துண்டு ரொட்டியும்."

"ரொட்டி அதுக்கு முந்தின நாளு. அன்னைக்குக் கஞ்சிதான்."

"இல்லீங்க, நான்தானே..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கே நிச்சயமில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் அதுகூடக் கரைந்துவிட்டிருந்தது. இளையவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு பிடி கொடுங்கள் என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"என்னைக் கேட்டாங்களா?"

இதற்கு மட்டும் இருவருக்கும் ஒரே பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லாமல் இருவரும் ஒரே சமயத்தில், அம்மா எப்போதும் உட்கார்ந்திருந்த தொலைபேசிப் பக்கம் பார்த்தார்கள். அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அடக்கி அடக்கிப் பிறகு அடக்க முடியாமல், உரத்து, சின்னப் பிள்ளைபோல அழுதான். மருமகள் அவன் முதுகில் கைவைத்தாள். அவளுக்கும் அழ வேண்டும் போல்தான் இருந்தது. அவனோடு சேர்ந்து அழுவதைத் தவிர அந்த நேரத்தில் அவனுக்குக் கொடுக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. ஆனால் மாமியாருக்காக வந்த கண்ணீரை அவள் எப்போதோ அழுது தீர்த்துவிட்டிருந்தாள். மூத்தவரும் கையைப் பிசைந்துகொண்டு, எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் நாற்காலி நுனியில் இருந்தார். அவன் பெற்றவளுக்காக அழுதுகொண்டிருந்தான். அவர்கள் இருவரும் துக்கம் விசாரிக்க வந்த தூரத்து உறவுபோல இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே யாரோ வந்து நின்ற சத்தம் கேட்டது. ஷட்டருக்கு அடியில் நனைந்த செருப்புகள் தெரிந்தன.

"என்னங்க, கடை பாதி சாத்தியிருக்கு? உள்ள யாரோ அழுற மாதிரி இருக்கு?"

"துக்கமுங்க" என்றது மில்லியின் குரல்.

"ஐயையோ. யாரு?"

"சின்னவரோட அம்மா."

"அடப்பாவமே. எப்போ?"

மில்லி உடனே பதில் சொல்லவில்லை. எந்த அளவைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லக்கூடிய ஆள் அவன்.

"இன்னைக்குத்தாங்க" என்றான்.